நீ பதினாறு என்றாய், நான் பதினெட்டு என்றேன்

அருளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். போனில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ பார்த்துவிட்டாய் என்று காட்டும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது. நான்கு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. உன் கூட்டாளி ரஃபியின் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை நீ இருக்கிற நாட்டுக்கே திரும்புகிறாராம். "குடுங்கக்கா, உங்க பையன் கையிலயே குடுக்கச் சொல்றேன்" என்று ரஃபியின் அம்மா சொன்னார். நாளை மறுநாள் ஆபீஸ் முடிந்து கோட்டக்குப்பம் போய் இதைக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். தாளில் எழுதினால் நீ படித்தாயா, மடித்து வைத்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. ஒருவகையில் அதுவே எனக்குத் தைரியமாக இருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்தில் இருந்து நீ இதைக் கேட்டதில்லை; நானும் முழுசாகச் சொன்னதில்லை.

உன் அப்பா போனபோது நீ பத்தாவது. டைல்ஸ் ஒட்டப் போன வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். அதன் பிறகு இந்த மெஷின்தான் நம் இரண்டு பேரையும் ஓட்டியது. நீ விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. முடித்தாய், ஒரு செல்போன் கடையில் கொஞ்ச நாள் நின்றாய். ஒரு நாள் வந்து, "யம்மா, ஒரு வருஷம் டைம் குடு. குரூப் ஃபோர் எழுதி கவர்மெண்ட் வேலைக்குப் போயிடறேன். அப்புறம் நீ இந்த மெஷின மிதிக்க வேணாம்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தமிழ் உனக்கு வந்தது. பொது அறிவும் வந்தது. கடைசியில் வரும் இருபத்தைந்து கேள்விகள்தான் உன்னைப் பாடாய்ப் படுத்தின. கணக்குகூடப் பரவாயில்லை என்பாய். ரீசனிங்கும் அந்தப் படங்களும்தான். இந்தப் படத்தில் எத்தனை முக்கோணம், எத்தனை சதுரம், கண்ணாடியில் எப்படித் தெரியும், தாளை மடித்து ஓட்டை போட்டு விரித்தால் எப்படி இருக்கும் என்று பக்கம் பக்கமாக வரும் அந்தக் கேள்விகள்.

"நீ டைம் மட்டும் பாரும்மா. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். முடிஞ்சா சொல்லு" என்று போனை என் பக்கத்தில் வைத்தாய். நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே நிமிஷம் பார்த்தேன். அன்றைக்கு ஒரு பெரிய முக்கோணம். உச்சியிலிருந்து அடி வரைக்கும் உள்ளே மூன்று கோடு, நடுவில் குறுக்கே ஒரு கோடு. நீ முதலில் பதினான்கு என்றாய். பிறகு விரலை வைத்து எண்ணி, பதினெட்டு என்றாய். நான் தலையை நீட்டிப் பார்த்தேன். "இருபதுப்பா" என்று வாயில் வந்துவிட்டது. நீ பின்பக்கம் திருப்பி விடையைப் பார்த்தாய். இருபது. "எப்டிம்மா?" என்று சிரித்தாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குடைப் பாவாடைக்கு இடுப்பிலிருந்து துண்டு துண்டாக விரித்து வெட்டுகிறோமே, அப்படித்தான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது. உச்சியில் புறப்படுகிற கோடு ஓரத்தையும் சேர்த்து ஐந்து. எந்த இரண்டைப் பிடித்தாலும் குறுக்குக் கோட்டோடு ஒன்று, அடிக்கோட்டோடு ஒன்று. அவ்வளவுதான். தாள் மடிக்கிற கேள்வியும் அப்படித்தான். துணியை நாலாக மடித்துக் கழுத்து வெட்டியவளுக்கு, விரித்தால் என்ன வரும் என்று தெரியாமல் இருக்குமா? நீ அன்றைக்கு என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "யம்மா, நீ பெரிய ஆளும்மா" என்றாய். அந்த வார்த்தையோடு நான் நின்றிருக்க வேண்டும்.

அந்த மழைக்காலம் முழுக்க நாம் சேர்ந்து படித்தோம். வட்டமேசையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு எதிரே யார் என்று கேள்வி வந்தால், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதைச் சுற்றிச் சட்டைப் பட்டன்களை வைத்து நகர்த்துவாய். சிவப்புப் பட்டன் எப்போதும் நான்தான். உறவுமுறைக் கேள்விகளில் நீ புலி. "ஒரு போட்டோவைக் காட்டி ஒருவர் சொன்னார்" என்று தொடங்கும்போதே நீ விடை சொல்லிவிடுவாய். நான் மாமனா மச்சானா என்று குழம்பிக்கொண்டிருப்பேன். நீ சிரிப்பாய். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"நீயும் அப்ளை பண்ணேன்மா, எனக்குத் துணையா இருக்கும்" என்று நீதான் சொன்னாய். இதை உன்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், அதனால் எழுதுகிறேன். "எனக்கெல்லாம் வயசு போயிடுச்சிடா" என்றேன். பிரவுசிங் சென்டரில் இருந்த பெண்தான், "ஆதரவற்ற விதவைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டா வயசு கணக்கு கெடையாதுக்கா" என்றாள். நீயே எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தாய். அப்பாவின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம். என்னை வண்டியில் உட்கார வைத்து தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வருவாய் ஆய்வாளர் தன்மையான மனிதர். உட்காரச் சொல்லித்தான் விசாரித்தார். "வேற ஆதரவு யாரும் இல்லையாம்மா? பையன் இருக்காரு போலயே?" என்று கேட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பையன் இருக்கிறான் என்றால் சான்று கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். "பையன் இருக்கான் சார். வேலவெட்டி இல்ல. வீட்ல ஒக்காந்துக்கினு இருக்கான். அவனால எனுக்கு ஒண்ணும் ஆவாது சார்" என்றேன்.

திரும்பினால் நீ என் பின்னால் ஜெராக்ஸ் தாள்களோடு நின்றுகொண்டிருக்கிறாய். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "போட்டோ இன்னும் ரெண்டு கேக்கறாங்கம்மா, எடுத்தாரேன்" என்று போனாய். நீ கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் பொய். நீ கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தச் சான்றை நீதான் போனில் போட்டோ எடுத்து விண்ணப்பத்தில் ஏற்றினாய். என் பெயருக்குக் கீழே இருந்த அந்த வார்த்தையை உன் கையால் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று சரி பார்த்தாய்.

காணையிலிருந்து உன் மாமன் கரும்புக் கட்டு எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "யக்கா, நீ இத்த எழுதாத. பையன் ஒடிஞ்சி போயிடுவான்" என்றான். "எழுதறதுல இன்னாடா இருக்குது? அவன் துணைக்குத்தான" என்று அவன் வாயை அடைத்தேன். துணைக்கு என்பது மாசி மாதத்திலேயே போய்விட்டது. நீ நூலகத்துக்குப் போன பிறகு நான் தைக்காமல் படித்தேன். உன்னிடம் சொல்லாமல் எனக்கென்று ஒரு புத்தகம் வாங்கி, வெட்டிய துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ப்ளஸ் டூவுக்குப் பிறகு நான் எழுதியதை யாரும் சரி என்று சொன்னதில்லை, அருள். கழுத்து இறக்கமாகிவிட்டது, கை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருந்தது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் விடையும் அதுவும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சூடாகும். அந்த ருசிக்காகத்தான் நான் படித்தேன். நீ என்ன ஆகிறாய் என்று அப்போது நான் பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்தில் மாதிரித் தேர்வு வைத்தார்களே, அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் ஏறவே முடியாமல் ரயிலில் போனோம். சாயங்காலம் மார்க்கை ஒட்டினார்கள். என் பெயர் மேலே இருந்தது. உன் பெயரைத் தேடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பயிற்சி கொடுக்கும் சார் மைக்கில், "பையன் கூட வந்த அம்மா, பையனத் தாண்டிப் போயிருக்காங்க, கைதட்டுங்கப்பா" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். நீயும் தட்டினாய். நான் உன்னைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது, "கூட்டமா கீது, நீ லேடீஸ்ல ஏறும்மா" என்றாய். உன் பெட்டியில் பாதி சீட் காலியாக இருந்ததைத் திண்டிவனத்தில் இறங்கும்போது பார்த்தேன்.

அதன் பிறகு நீ என்னை நிமிஷம் பார்க்கச் சொல்லவில்லை. நானாக வந்து உட்காருவேன். நீ எண்ணிக்கொண்டிருக்கும்போதே என் உதடு அசையும். ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். பதினாறு கட்டம் போட்ட சதுரத்தில் மொத்தம் எத்தனை சதுரம் என்று கேள்வி. முப்பது என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு என்றேன். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நடிக்காதம்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் எழுந்து போய்ச் சும்மாவே குக்கரைத் திறந்து பார்த்தேன். சரியாகச் சொன்னாலும் உனக்கு வலிக்கிறது, தப்பாகச் சொன்னாலும் வலிக்கிறது, பேசாமல் இருந்தாலும் என் மௌனம் உனக்குக் கேட்கிறது. என்ன செய்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

தேர்வு நாள் இரண்டு பேருக்கும் விழுப்புரத்திலேயே வேறு வேறு பள்ளிக்கூடம். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் சந்தித்தோம். நீ தெளிவாக இருந்தாய். "தமிழ்ல அடிச்சி தூக்கிட்டம்மா" என்றாய். எனக்கும் சேர்த்து ஊத்தப்பம் சொன்னாய். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த முக்கோணம் எத்தன போட்ட?" என்று கேட்டேன்.

"பதினாறு."

"பதினெட்டு இல்ல? உச்சியிலருந்து ஓரத்தோட சேத்து நாலு கோடு, குறுக்க அடிக்கோட்டோட மூணு. ஒண்ண உட்டுட்டியாப்பா?"

நீ பிட்ட ஊத்தப்பத்தைத் தட்டிலேயே வைத்தாய். "சாப்டும்மா, ஆறிடப் போவுது" என்றாய். எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு வந்த தாள் அது. நான் கேட்டதால் அதில் ஒரு புள்ளிகூட மாறப்போவதில்லை. அப்புறம் எதற்குக் கேட்டேன்? உன் நல்லதுக்காக என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு என் விடை சரியா என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்குத்தான் கேட்டேன்.

முடிவு வந்த அன்று என் நம்பரைத்தான் நீ முதலில் போட்டுப் பார்த்திருக்கிறாய். டீக்கடையிலிருந்து ஓடி வந்தாய். "யம்மா, உனுக்கு வந்துருச்சி! உனுக்கு வந்துருச்சி!" என்று வாசலிலிருந்தே கத்தினாய். நான் ஊசியோடு எழுந்து நின்று, "உனுக்கு?" என்றேன். "அத்த வுடும்மா" என்றாய். தெரு முழுக்க நீதான் மிட்டாய் கொடுத்தாய். எதிர்வீட்டுப் பெண், "பையனுக்கு வேலையா?" என்று கேட்டபோது, "எங்கம்மாவுக்கு" என்று சத்தமாகச் சொன்னாய். சான்று சரிபார்க்கச் சென்னைக்கு நீதான் கூட வந்தாய். வெளியே மர நிழலில் என் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு, நான் வரும்வரை உட்கார்ந்திருந்தாய். உனக்கு மூன்று கேள்வியில் போயிருந்தது. மூன்றே மூன்று.

நான் விழுப்புரத்தில் வேலையில் சேர்ந்த பிறகு நீ மறுபடி புத்தகத்தை எடுப்பாய் என்று காத்திருந்தேன். நீ எடுக்கவில்லை. ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் அலமாரி காலி. எல்லாவற்றையும் பழைய புத்தகக் கடைக்குக் கொடுத்துவிட்டு வந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஆத்திரம். "மூணு கேள்விக்கு இப்டி ஒடிஞ்சி ஒக்காந்தா எப்டிடா? நான் இந்த வயசுல படிக்கல?" என்று கேட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும் என்றால் நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நீ டிவியை அணைத்தாய். கத்தவில்லை. நீ கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "மொதல்ல எனுக்குப் பதினெட்டுதாம்மா வந்துச்சி" என்றாய். "போடப் போனேன். அப்ப உன்ன நெனச்சேன். நீ இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பியேன்னு நெனச்சேன். அப்புறம் என் கணக்கு மேல எனுக்கே நம்பிக்க வரல. திருப்பித் திருப்பி எண்ணிக்கினே இருந்தேன். பதினாறுதான் வந்துச்சி. அதுலயே டைம் போயிருச்சி. பின்னால ரெண்டு கேள்விய பாக்கவே இல்ல."

நான் வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "ஆதரவு இல்லாதவன்னு சீல் போட்டு குடுத்தாங்களே, நான்தான அத்த அப்லோட் பண்ணேன். அப்ப நான் யாரும்மா உனுக்கு? அவனால ஒண்ணும் ஆவாதுன்னு நீ அந்த சார் கிட்ட சொன்ன பாரு, அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி, எனுக்கு வராதுன்னு."

ஒரு வருஷத்துக்கு மேல் அதை நீ உள்ளே வைத்திருந்திருக்கிறாய். அதை வைத்துக்கொண்டுதான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய், மிட்டாய் கொடுத்தாய், சென்னையில் என் செருப்புக்குக் காவல் இருந்தாய். அன்றைக்கு "சர்டிபிகேட்டுக்காகச் சொன்னதுடா" என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை என்று உனக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த அந்த மாதங்களில், துணி கொடுக்க வருகிறவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். அந்த அவமானம்தான் தாலுகா ஆபீசில் என் வாயில் வந்தது. உன்னைப் பற்றி நான் நிஜமாகவே அப்படி நினைத்த நாட்கள் இருந்தன. பெற்றவள் இதை எழுதக்கூடாது. ஆனால் எழுதாவிட்டால், நீ கேட்டது உன் காதின் தப்பு என்று நான் சொல்வது போல ஆகிவிடும்.

மறுநாள் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. வேலையை விடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதி சூப்பிரண்டு மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "உக்காரும்மா. இந்த வேலைய நீ உட்டா உன் பையனுக்கா போவும்?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம்."

"அப்புறம்?"

அவர் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "போயி தபாலப் பாரு. நெறைய வந்திருக்கு" என்றார். நான் போய்த் தபால்களுக்கு நம்பர் போட்டேன். என் விடைகளில் மூன்றைப் பிய்த்து உனக்கு ஒட்ட முடியாது. என் கண்ணைப் பிடுங்கி உனக்கு வைக்க முடியாது. வேலையை விட்டாலும் அது உன் கைக்கு வராது. ஒரு தாய் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத பொருள் ஒன்று இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ரஃபியோடு வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் தடுத்தேன். அழுதேன். உன் மாமனை வரவழைத்தேன். அவன் வந்து உன்னிடம் பேசிவிட்டு என்னிடம், "உடு யக்கா. கொஞ்ச நாளு போயிட்டு வரட்டும்" என்று மட்டும் சொன்னான். பொங்கலன்று சொன்னதை அவன் சொல்லிக் காட்டவில்லை. புறப்படுகிற அன்று லீவு போடுகிறேன் என்றேன். "புதுசா சேந்துருக்க, லீவெல்லாம் போடாத" என்றாய். மூன்று மணிக்கு ரஃபியின் அப்பா காரில் வந்து உன்னை ஏற்றிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு எதிரே ஒரு பெரியவர், மனு கொடுத்த ரசீது கேட்டு நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்கு ரசீது எழுதினேன். தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்து, மறுபடி எழுதினேன். "மெதுவா எழுதும்மா, அவசரம் இல்ல" என்றார் அவர்.

இப்போது தினமும் காலை வண்டியில் விழுப்புரம் போகிறேன். என் பெட்டியில் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். போன வாரம் ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், எதிர் சீட்டில் உட்கார்ந்து படத்தில் முக்கோணம் எண்ணிக்கொண்டிருந்தான். தலைகீழாகப் பார்த்தாலும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. அவன் தப்பாக எழுதினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டும்போது அவனே அடித்துவிட்டு மறுபடி எண்ணினான், சரியாக எழுதினான். எழுதிவிட்டு யாரையும் பார்க்காமல் தனக்குள்ளேயே லேசாகச் சிரித்தான். இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும், அருள். நான் உனக்கு இவ்வளவு நேரம் கொடுத்ததே இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும் அம்மா கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றால் இதுதான். வெயிலில் வேலை என்றால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி. உன் கீழே யாராவது வேலை கற்றுக்கொள்ள வந்தால், அவன் தப்புப் பண்ணும்போது கொஞ்சம் பொறுத்துப் பார். உனக்குப் பொறுமை உண்டு. அது உன் அப்பாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன் போலிருக்கிறது. அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். போன தடவை பிரவுசிங் சென்டரில் என் நோட்டில்தான் எழுதி வைத்தாய். நேற்று அதைப் போட்டுத் திறந்தேன். உன் போட்டோ வந்தது. பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் நீ முன்பே கொடுத்தபடி இருந்தது. ஒவ்வொரு பக்கமாகச் சரி பார்த்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டேன். சமர்ப்பிக்க ஒரு பொத்தான்தான் பாக்கி. அதற்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுத்தியிருந்தால் உன் பெயரில் நம்பர் வந்திருக்கும், நீ வந்தாலும் வராவிட்டாலும். பிறகு, உன்னைக் கேட்காமல் உனக்காக நான் விடை சொல்வது இது எத்தனையாவது தடவை என்று நினைத்தேன். மூடிவிட்டேன்.

கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீ போடச் சொன்னால் போடுகிறேன். இல்லையென்றால் விட்டுவிடலாம், நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையாக இருக்காது, அதனால் எழுதவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நீயே போன் பண்ணிச் சொல்லு. மத்தியானம் ஒன்றரைக்கு மேல் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், போன் கையில்தான் இருக்கும். திட்ட வேண்டும் என்றாலும் அப்போதே திட்டு. நான் நடுவில் பேச மாட்டேன்.

அம்மா